இந்த வருடச் சுற்றுலாவுக்குத் திருவல்லிக்கேணிக்கு வாருங்கள்: சென்னைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் உங்கள் ஆசிரியர் அறையில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். எங்கே போவது, பஸ்ஸுக்கு எவ்வளவு, தலைக்கு என்ன வசூலிப்பது என்று கணக்குப் போடுவீர்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு தீம் பார்க் என்றுதான் முடிவாகும். பிள்ளைகளும் சந்தோஷமாகப் போய்த் தண்ணீரில் ஆடிவிட்டு வருகிறார்கள். அதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புக்குள் ஏதாவது ஒரு வருடம், ஒரே ஒரு நாள், அவர்களைத் திருவல்லிக்கேணிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் இங்கேயே பிறந்து, இங்கேயே குடித்தனம் நடத்துகிறவள். சனி, ஞாயிறுகளில் கழுத்தில் கேமராவோடு எங்கள் தெருக்களில் நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். கட்டடக்கலை படிப்பவர்கள் வருகிறார்கள், வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அம்பத்தூரிலிருந்தோ வேளச்சேரியிலிருந்தோ ஒரு ஏழாம் வகுப்பு வரிசையாக வந்து நிற்பதைப் பார்ப்பது அபூர்வமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் புத்தகத்தில் வருகிற ஆழ்வார், பல்லவர், நவாப், பாரதியார், ராமானுஜன், விவேகானந்தர், கூட்டுறவு இயக்கம் எல்லாம் இந்த ஒரு பேட்டையில், நடந்தே பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. 1676-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோல்கொண்டா சுல்தானிடமிருந்து குத்தகைக்கு எடுத்த கிராமம் இது. அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மக்கள் குடியிருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பொதுத்தேர்வு பயத்தில் யாரும் எங்கேயும் விடமாட்டீர்கள் என்பதால்தான் ஒன்பதோடு நிறுத்திச் சொல்கிறேன்.

காலை ஏழரை மணிக்குள் வந்துவிடுங்கள். பஸ் வைத்துக்கொள்ள வசதி இல்லாத பள்ளிகள் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கலாம். செலவு சொற்பம். பக்கிங்காம் கால்வாயின் மேலேயே போகிற அந்தப் பாதையில் பயணம் செய்வதே பல பிள்ளைகளுக்குப் புது அனுபவமாக இருக்கும்.

முதலில் பார்த்தசாரதி கோயில். குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். வெயில் ஏறாத நேரத்தில் அந்தக் காற்றும் திறந்த வெளியும் நன்றாக இருக்கும். உள்ளே மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு மீசை உண்டு. மீசை வைத்த பெருமாளை எத்தனை பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்? பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர் என்பதால் கையில் சக்கரம் இருக்காது, சங்கு மட்டும்தான். பக்கத்தில் ருக்மிணி, அண்ணன் பலராமன், தம்பி சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அனிருத்தன் என்று குடும்பமே நிற்கிறது. உற்சவர் முகத்தில் இருக்கும் வடுக்கள் பீஷ்மர் விட்ட அம்புகளால் ஆனவை என்பது இங்குள்ள நம்பிக்கை. மகாபாரதக் கதையைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராக வாருங்கள்.

கோயிலில் நான் உங்களை நிற்கச் சொல்கிற இன்னொரு இடம் கல்வெட்டு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தது. ஏறக்குறைய 1,200 வருடம் பழையது. கோயில் நிலம் ஒன்று அடகு போய், அதனால் சுவாமிக்குப் படைக்கிற அமுதுக்கு அரிசி குறைந்துபோனதையும், புகழ்த்துணை விசையரையன் என்பவர் நிலத்தை மீட்டுக் கொடுத்துப் படையலைப் பழையபடி நடக்க வைத்ததையும் அது சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். பாடப்புத்தகத்துப் பல்லவன் போர் செய்கிறான், குடைவரை குடைகிறான், வாதாபியை எரிக்கிறான். இந்தக் கல்லில் இருப்பது ஒரு அடமானம், குறைந்துபோன சோறு. அம்மாவின் வளையலைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்ததைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இது உடனே புரியும். எழுத்தை வாசிக்க வராது, பரவாயில்லை. வகுப்பில் முதல் நாளே கதையைச் சொல்லிவிட்டுக் கூட்டிவந்தால் அவர்கள் அந்தக் கல்லை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

எல்லா மதத்துப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். கர்ப்பகிருகத்துக்குப் போக விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். குளக்கரையிலும் மாட வீதியிலும் பார்க்கவே நிறைய இருக்கிறது. ஒரு ஆசிரியர் அவர்களோடு நின்றால் போதும்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இல்லம். அவர் கடைசியாகக் குடியிருந்த வீடு இது. அரசு எடுத்து நினைவில்லமாக வைத்திருக்கிறது. யானை மிதித்து பாரதியார் இறந்துபோனார் என்று இன்னமும் பல வகுப்புகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1921-இல் அவர் வழக்கமாகப் பழம் கொடுக்கும் கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது உண்மை. நண்பர் குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கி வந்ததும் உண்மை. ஆனால் அவர் தேறி எழுந்து மறுபடி சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார். ஈரோட்டுக்குப் பயணம் போய்க் கருங்கல்பாளையத்தில் சொற்பொழிவும் ஆற்றினார். செப்டம்பரில் வயிற்று நோய் வந்து, இந்த வீட்டில்தான் உயிர் போனது. வயது 38. மண்டபம் மாதிரி எதையோ எதிர்பார்த்து வருகிற பிள்ளைகள், எல்லாரையும் போல ஒரு தெருவில், நாலு வீட்டுக்கு நடுவே அவர் வாழ்ந்தார் என்பதைப் பார்க்கட்டும். மனப்பாடம் செய்த பாட்டுகளில் ஒன்றைக் கூடத்தில் உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து பாடட்டும். இல்லத்து ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

ராமானுஜனைத் தேடி வந்தால் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஆபீஸ் வேலையிலிருந்து விடுபட்டு, அனுமந்தராயன் கோயில் தெருவில் குடும்பத்தோடு இருந்துகொண்டு கணக்கிலேயே மூழ்கினார். 1914 மார்ச்சில் கப்பல் ஏறிவிட்டார். கேம்பிரிட்ஜுக்குப் போவதற்கு முந்தைய கடைசி மாதங்கள் இந்தச் சந்துகளில்தான் கழிந்தன. ஆனாலும் அந்தத் தெரு வழியாகக் கூட்டிப் போங்கள். கணக்கு டீச்சர் அங்கே நின்று இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணான 1729-ஐப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால் போதும், வகுப்பறையில் தூங்குகிற பிள்ளைகூடக் கேட்கும்.

பெரிய தெருவில் இந்து மேல்நிலைப் பள்ளி. உங்களைப் போல ஒரு பள்ளிதான். சிவப்புச் செங்கல் கட்டடத்தில் இன்னமும் மணி அடிக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். 1922 முதல் 1925 வரை இங்கே படித்த சந்திரசேகர், நட்சத்திரங்கள் எப்படி முடிகின்றன என்ற ஆராய்ச்சிக்காக 1983-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். வாசலில் நின்று பார்த்தாலே போதும். அந்தப் பள்ளியோடு முன்பே பேசி இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரு அரை மணி நேரம் சந்திக்க ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. தங்கள் பேட்டையைத் தாங்களே சுற்றிக்காட்டும் வாய்ப்பு எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். உண்மையைச் சொன்னால், எங்கள் பிள்ளைகளில் பலருக்கே இதெல்லாம் தெரியாது. இந்த மடல் உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான்.

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் சொல்லலாம். 1878-இல் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள், இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்ட மாணவர்களுமாக, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்து ஆரம்பித்ததுதான் 'தி இந்து'. 1904-இல், தரமான மளிகைச் சாமானை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ள இந்தப் பேட்டைக்காரர்கள் கூடித் தொடங்கியது டியூசிஎஸ் என்கிற திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். இந்தியாவில் நுகர்வோர் கூட்டுறவு என்று பேச ஆரம்பித்தால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பொருளியல் பாடத்தில் ஒரு வரியாக வருவதை ஒரு கடையாகப் பார்க்கலாம்.

பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசித்துவிடும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே இருக்கிறது. சாம்பாரில் மிதக்கிற இட்லிக்காகவே தாம்பரத்திலிருந்து ஆட்கள் வருகிற இடம். ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் உள்ளே போனால் திணறிப்போவார்கள், பாதிப் பாதியாக அனுப்புங்கள். காசு கொண்டுவர முடியாத பிள்ளை யார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் தட்டு தனியாகத் தெரியாதபடி, எல்லாருக்குமான டிபன் செலவைச் சுற்றுலாக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

அதே சாலையில் பெரிய மசூதி, வாலாஜா பள்ளிவாசல். 1795-இல் ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் கருங்கல்லால் கட்டியது. மரமும் இரும்பும் இல்லாமல் எழுப்பியது என்று பெயர் பெற்றது. முன்னால் இருக்கும் விரிந்த மைதானமும் குளமும், நெரிசலான சாலையிலிருந்து உள்ளே வந்ததும் மனசுக்கு ஒரு விசாலத்தைத் தரும். உள்ளே கல்லில் பாரசீகத்தில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் மசூதி கட்டிய ஹிஜ்ரி ஆண்டு வரும்படி அமைத்தது. அதை எழுதியவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்கிற இந்து அறிஞர். ரம்ஜான் மாதத்தில் இங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பல வருடங்களாக உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள், மயிலாப்பூரில் இருக்கும் சூஃபிதார் அறக்கட்டளைத் தொண்டர்கள். பிரிவினைக்குப் பிறகு சிந்துவிலிருந்து வந்த இந்துக்கள் தொடங்கிய அமைப்பு அது. மத நல்லிணக்கம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோமே, அதற்கு முன்னால் பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தொழுகை நேரத்தைத் தவிருங்கள். பெண் பிள்ளைகள் எதுவரை வரலாம், தலையில் துணி வேண்டுமா என்பதை முதலிலேயே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த இடத்தில் வாசலில் நிறுத்தப்படுகிற பெண் பிள்ளையின் முகம் எப்படி வாடும் என்று உங்களுக்குத் தெரியும்.

சேப்பாக்கம் அரண்மனையைப் பஸ்ஸிலிருந்தே காட்டிவிடலாம். 1768-இல் கட்டியது, 2012-இல் ஒரு பகுதி தீயில் எரிந்து மறுபடி புதுப்பித்தார்கள். அரசு அலுவலகங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கிறது. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையையும் போகிற வழியில் காட்டுங்கள். எங்கள் பாட்டிமார் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள். ஆண் மருத்துவரிடம் வராத பெண்களுக்காக மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் 1885-இல் தொடங்கியது. உங்கள் வகுப்பிலேயே யாராவது ஒரு பிள்ளை "நான் இங்கதான் மிஸ் பொறந்தேன்" என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை.

மதிய வெயிலுக்கு ஏற்ற இடம் விவேகானந்தர் இல்லம். கடற்கரைச் சாலையில் வட்டமாக நிற்கிற அந்தக் கட்டடத்தை எல்லாரும் பார்த்திருப்போம். எங்களுக்கு அது ஐஸ் ஹவுஸ். போலீஸ் ஸ்டேஷனுக்கும் சுற்றுவட்டாரத்துக்குமே அந்தப் பெயர்தான். 1842-இல் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடரின் கம்பெனிக்காகக் கட்டிய ஐஸ் கிடங்கு. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் வைத்துப் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நாலு மாதம் கடலில் கொண்டுவந்தார்கள். 1833-இல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கில் 180 டன் ஏற்றியதில் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. எத்தனை சதவீதம் உருகியது என்று வழியிலேயே கணக்குக் கொடுங்கள். மரத்தூள் ஏன் வெப்பத்தைத் தடுக்கிறது என்பது அறிவியல் பாடம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத உலகம் எப்படி இருந்தது என்று ஒரு பத்து நிமிடம் பேசினாலும் தகும். சென்னையிலேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அப்புறம் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே தங்கி உரையாற்றினார். இது பலருக்கும் தெரியும். இதே கட்டடத்தில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியை நடத்தினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. அவரே சிறு வயதில் கணவரை இழந்தவர், 1911-இல் பட்டம் பெற்றவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தலை மழிக்கப்பட்டு வீட்டு மூலையில் முடங்க வேண்டியிருந்த பெண் பிள்ளைகள் இங்கே தங்கிப் படித்து, பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். உங்கள் ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட அதே வயதுதான். இந்த மடலில் ஒரே ஒரு இடத்தைத்தான் காட்ட முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். உள்ளே கண்காட்சியில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், சுப்புலட்சுமியின் கதையை நீங்களே சொல்லுங்கள். பெண் ஆசிரியர் ஒருவர் சொன்னால் ரொம்ப நல்லது.

இதிலெல்லாம் பிள்ளைகளுக்கு என்ன ஜாலி என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாலையைக் கடந்தால் மெரினா. நாலரைக்கு மேல் மணலில் விட்டுவிடுங்கள். ஓடட்டும், பட்டம் விடட்டும், சுண்டல் சாப்பிடட்டும். தண்ணீரில் மட்டும் இறங்க விடாதீர்கள். இந்தக் கடலின் இழுப்பு பார்வைக்குத் தெரியாது, வருடா வருடம் உயிர் போகிறது. இதை ஒரு தாயாகச் சொல்கிறேன்.

இனி எங்கள் தரப்பில் சில வேண்டுகோள்கள். ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு, அதாவது நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். மாட வீதிகளிலும் சந்துகளிலும் பைக்கும் ஆட்டோவும் மாடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். நடைபாதை என்று நம்பி இறங்க முடியாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். இங்கே நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு வாசலும் ஒருவருடைய வீடு. மிச்சமிருக்கிற சில திண்ணை வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருப்பார்கள். கேட்டுவிட்டு உட்காருங்கள், கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், தண்ணீரும் கொடுப்பார்கள். கேட்காமல் உள்ளே எட்டிப் பார்த்துப் படம் எடுப்பதுதான் மனசை வருத்துகிறது. மேன்ஷன்களில் வேலை தேடி வந்து தங்கியிருக்கும் இளைஞர்களையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை வசதி எங்கெங்கே இருக்கிறது என்று முந்தின வாரமே ஒரு ஆசிரியை வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நடப்பதைவிட, இரண்டு இடங்களைக் குறைத்துக்கொள்வது மேல்.

திரும்பிப் போனதும் சார்ட் பேப்பர் ப்ராஜெக்ட், மதிப்பெண் என்று எதையும் வைக்காதீர்கள். ஒரு பூக்காரம்மாவிடமோ பழைய புத்தகக் கடைக்காரரிடமோ "நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். பாரதி சாலையில் அந்தப் புத்தகக்காரர்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து ஒரு புத்தகம் தேடச் சொன்னால், அந்த நாளில் பிள்ளைகள் அதிகம் பேசப்போவது அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

நாள் குறிக்கும்போது கவனம் வேண்டும். மார்கழி முழுக்கக் கோயிலில் கூட்டம், வைகுண்ட ஏகாதசி சமயத்தில் பக்கத்துத் தெருவுக்குக்கூட வர முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் மசூதிக்கு ஆகாது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் இருக்கிற நாளில் போக்குவரத்தே நின்றுவிடும். கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். பொங்கல் கழிந்து பிப்ரவரி கடைசி வரை, திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள் சரியாக இருக்கும். பாரதியார் இல்லத்துக்கும் விவேகானந்தர் இல்லத்துக்கும் வார விடுமுறை என்றைக்கு என்று விசாரித்துவிட்டு, கோயில், மசூதி, இந்த இரண்டு இல்லங்கள் என நான்கு இடங்களுக்கும் பள்ளித் தாளில் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். டிசம்பரில் போட்டால்கூட நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணியில் வசிக்கும் ஒரு தாய்